தெங்கோ டூலு

கடைத்தெருவில் வாங்குகிறவர்கள் உண்டு, விற்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்றும் உண்டு. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் 'விசாரிப்பாளர்'. ஊருக்கு ஒருவராவது தேறுவார். எங்கள் மலாக்கா காஜா பெராங்கில் வீட்டுக்கு ஒருவர் தேறுகிறார்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடைக்குள் நுழைவார். பொருளைக் கையில் எடுப்பார், தலைகீழாகத் திருப்புவார், அடியில் எந்த ஊர் முத்திரை என்று பார்ப்பார், சுண்டுவிரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார், கெட்டுப்போனால் யார் பார்ப்பது என்பார், போன வருஷத்துச் சாமான் இதைவிடக் கனம் என்பார், அடுத்த வருஷம் இதைவிட நல்லது வரப்போகிறது என்று கடைக்காரருக்கே சேதி சொல்வார், கடைசியில் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு இரண்டே சொல் சொல்வார்.

"தெங்கோ டூலு."

மலாயில் 'முதலில் பார்ப்போம்' என்று அர்த்தம். மலாக்கா கடைத்தெருவில் 'இந்த ஆள் வாங்க மாட்டான்' என்று அர்த்தம். இதை ஏன் இத்தனை மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்கிறீர்களா? நாளைக்கு மறுபடியும் வந்து விசாரிக்க வேண்டாமா!

இந்த இனத்துக்கே சக்கரவர்த்தி எங்கள் அடுத்த வீட்டுக் கலியாணசுந்தரம். வெள்ளைக்கார ரப்பர் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருஷம் கிராணி, அதாவது குமாஸ்தா. ஐஸ்பெட்டியை நாலு வருஷமாக ஆராய்ந்தார். ஒவ்வொரு வருஷமும் புது மாடல் வரும்போது, "போன வருஷமே வாங்கியிருந்தா ஏமாந்திருப்போமே!" என்று மகிழ்வார். வாங்கியவனுக்குக்கூட அத்தனை சந்தோஷம் கிடையாது. ஆராய்ந்ததையெல்லாம் சோற்றுக்கு முன் உட்கார்ந்து மனைவி பாக்கியலட்சுமிக்கு ஒன்றுவிடாமல் விளக்குவார். அந்த அம்மாள் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்பாள். வேறு வழி?

மெர்டேக்கா என்ற சுதந்திர அறிவிப்பைக் கேட்கத் தெருவே என் வீட்டு ரேடியோ முன்னால் கூடியிருந்தது. எல்லோருக்கும் உடம்பு சிலிர்த்து நிற்கிறது. இவர் மட்டும் ரேடியோவின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "வால்வு ரொம்ப சூடாவுது. எதுக்கும் பார்த்துக்குங்க."

நாடு சுதந்திரம் அடைந்தது. கம்பெனி துரை கப்பல் ஏறினார். ஆபீசை மூடினார்கள். கலியாணசுந்தரத்துக்கு வேலை போயிற்று. வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே மனைவியிடம் அவர் சொன்னது: "அடுத்து என்னன்னு பார்ப்போம்."

பார்த்தார். பத்து பெரெண்டாம் என்ற பக்கத்து ஊரில் ஒரு குமாஸ்தா வேலை என்று நண்பர் ஒருவர் ஓடிவந்து சொன்னார். பார்ப்போம் என்றார். புக்கிட் பாருவில் பள்ளிக்கூடத்துக்கு ஆள் தேவை என்றேன் நான். மேட்டில் சைக்கிள் மிதிக்க வேண்டுமே, பார்ப்போம் என்றார். இரண்டு இடத்திலும் வேறு யாரோ பார்க்காமலே சேர்ந்துவிட்டார்கள். இவரோ காலையில் இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டையோடு, ஆபீஸ் நேரம் தப்பாமல், பூங்கா ராயா கடைத்தெருவில் சீன முதலாளி ஆ லியோங் தவுக்கேயின் மின்சாரச் சாமான் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு நாள் அவருடைய சின்னப் பெண் மல்லிகா பள்ளிக்குப் போவதைப் பார்த்தேன். சப்பாத்து முன்பக்கம் வாய் பிளந்து, கால்விரல் வெளியே எட்டிப் பார்த்தது. அதைச் சணல் போட்டுக் கட்டியிருந்தாள். அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் முதல்முதலாகக் கோபம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஜப்பானிலிருந்து மின்சாரச் சோற்றுப்பானை வந்து இறங்கியது. சோறு வெந்ததும் தானே அணைந்துவிடுமாம். பெண்கள் கிட்டே வரவே பயந்தார்கள். தவுக்கேக்கோ விளக்கிச் சொல்ல வாய் வரவில்லை. கலியாணசுந்தரம் விடுவாரா? தண்ணீர் எத்தனை, விசை எப்போது எழும்பும், ஏன் ஷாக் அடிக்காது என்று வந்தவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தினார். கடைசியில், "அவசரப்படாதீங்க, அடுத்த வருஷம் இதவிட நல்லது வரும்" என்றும் சேர்த்துக்கொண்டார். இருந்தும் ஒரே வாரத்தில் நாலு பானை விற்றது!

சனிக்கிழமை நான் பல்பு வாங்கப் போயிருந்தேன். தவுக்கே இவர் தோளைத் தட்டினார். "கிராணி, இஸ்னின் மாசோக் கெர்ஜாலா!" திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடு!

கலியாணசுந்தரத்தின் கண்கள் மலர்ந்ததை நான் பார்த்தேன். வாய்தான் பழக்கத்தை விடவில்லை.

"தெங்கோ டூலு" என்றார்.

தவுக்கே தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நாலு வருஷமாகக் கேட்ட பதிலாயிற்றே!

வழியில் இவர் குஷியாகச் சொன்னார்: "திங்கக்கிழம சேர்ந்துடலாம்னு இருக்கேன். கேட்ட உடனே சரின்னா மதிப்பா இருக்குமா, சொல்லுங்க?"

"அவரு காதுல அது 'வேணாம்'னு விழுந்திருக்கும், கிராணியாரே."

"சேச்சே, அவருக்குத் தெரியும்லா!"

நான் என் மனைவி கோகிலாவிடம் சொன்னேன். கோகிலா வேலிக்கு அந்தப் பக்கம் பாக்கியலட்சுமியிடம் சொன்னாள். திங்கட்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். இவர் தலைவாரி, பவுடர் பூசி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாக்கியலட்சுமி, "பசாருக்குப் போயிட்டு வந்துர்றேங்க" என்று எட்டு மணிக்கே கிளம்பிவிட்டாள். ராகு காலத்திலேயே!

கணவர் வருவார், வேலையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று தவுக்கேயிடம் சொல்லத்தான் அவள் போனாள். போன நேரத்தில் ஒரு சீனத்து அம்மாள் பானையைக் காட்டி ஏதோ கேட்க, தவுக்கே தடுமாற, பாக்கியலட்சுமி தெரிந்த மலாயில் தண்ணீர் அளவிலிருந்து விசை எழும்புவது வரை கடகடவென்று சொல்லி முடித்தாள். எல்லாம் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டதுதான். சீனத்து அம்மாள் பானையோடு போனாள். தவுக்கே இவளை ஏற இறங்கப் பார்த்து, நீயே வருகிறாயா என்றார்.

அவள் சொன்னது ஒரே சொல்.

"போலே." முடியும்.

ஒன்பதரைக்குக் கலியாணசுந்தரம் கடைவாசலில் வந்து நின்றார். உள்ளே ஆவி பறக்கச் சோறு வெந்துகொண்டிருந்தது. சுற்றிலும் பெண்கள் கூட்டம். நடுவில் இவர் சம்சாரம்.

"வாங்க. சாமான் ஏதும் பார்க்கணுங்களா?" என்றாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் எதையும் விசாரிக்கவில்லை.

மல்லிகா இப்போது புதுச் சப்பாத்தில் டக்டக்கென்று போகிறாள். வீட்டில் சமையல் கலியாணசுந்தரம்தான். போன வாரம் கரி அடுப்பை ஊதிக் கண் சிவந்து நின்றவரிடம், "நம்ம வீட்டுக்கும் ஒரு பானை எடுத்தாரட்டுமா?" என்று கேட்டாளாம் பாக்கியலட்சுமி. அவர் இருமிக்கொண்டே, "அடுத்த வருஷம் புது மாடல் வருதாம். பார்ப்போம்" என்றாராம். மறுநாள் சாயங்காலம் அவள் பானையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"பார்த்தாச்சு" என்றாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்தப் புத்தகத்தைக் கடையில் எடுத்து, அட்டையைத் திருப்பி, அச்சு எந்த ஊர் என்று பார்த்து, நின்றபடியே இந்த வரி வரைக்கும் படித்துவிட்டீர்களே, கடைக்காரர் இவ்வளவு நேரமாக உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் என்ன சொல்லிவிட்டு வெளியே வரப்போகிறீர்கள்?