பிரஷர் வாஷர் வாங்கப்போகிறவர்

என் தம்பி ஏழாம் மாதத்தில் பிறந்தவன். பிழைப்பது கஷ்டம் என்று மருத்துவர் கையை விரித்தார், பிழைத்தான். சின்ன வயதில் பேச்சு திக்கியது. அதே வாயால் பள்ளிப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கினான். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் கிடையாது. அவன் பட்டம் வாங்கினான். நானூறு பேர் எழுதிய தேர்வில் இரண்டே பேரை எடுத்த பிஸ்கட் தொழிற்சாலையில், அந்த இருவரில் ஒருவனாக நுழைந்து தரக்கட்டுப்பாட்டு அதிகாரி ஆனான். இரண்டு வீட்டாரும் குறுக்கே நின்றும் தனக்குப் பிடித்த பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டான். அக்கா என்ற முறையில், கேட்காதவர்களுக்கும் இதையெல்லாம் நான் சொல்வதுண்டு. இத்தனையும் ஜெயித்தவனை ஐந்து மாதம் மண்ணைக் கவ்வ வைத்தது ஒரே ஒரு கேள்வி: வீட்டில் கார் கழுவ எந்த பிரஷர் வாஷர் வாங்குவது?

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவன் இனம் அப்படி. பொருள் வாங்குகிறவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. வாங்காதவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. இந்த இரண்டிலும் ஒட்டாமல் நடுவில் உட்கார்ந்திருக்கும் மூன்றாவது இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர், வாங்கப்போகிறவர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். கடைக்குப் போகும்போது பர்ஸை மறந்துவிட்டு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போவார். கையில் நோட்டுப் புத்தகம் இருக்கும். அதில் கோடு போட்டுக் கட்டம் கட்டி, ஒவ்வொரு இயந்திரமும் எத்தனை பார் அழுத்தம், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உண்டா இல்லையா, ஹோஸ் எத்தனை மீட்டர், தண்ணீர்த் துப்பாக்கியின் விசையை விட்டால் மோட்டார் தானாக நிற்குமா, சக்கரம் பெரிதா சிறிதா என்று பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, காகிதம் நைந்துபோன இடத்தில் ஒட்டுத்தாள் ஒட்டி வைத்திருப்பார். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒரு தாடிக்காரர் தன் காரைக் கழுவுவதைக் கைப்பேசியில் பார்ப்பார். அந்தத் தாடிக்காரரின் கார் இதுவரை நாற்பது தடவை கழுவப்பட்டுவிட்டது. நம்மவர் கார்?

அதை வெள்ளைக் கார் என்று பதிவுப் புத்தகம் சொல்கிறது. நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம்.

எந்தப் புண்ணியவானோ பின்பக்கக் கண்ணாடியில் விரலால் 'கழுவவும்' என்று எழுதிவிட்டுப் போனான். தம்பி துடித்துப்போனான். வெட்கத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். மண்ணோடு விரலை வைத்து இழுத்தால் கண்ணாடியில் கீறல் விழுமாம்.

இந்த இனத்தாருக்கென்று ஒரு தாரக மந்திரம் இருக்கிறது. "ஒரு நாள்ல வாங்கிட்டு பத்து வருஷம் அழக்கூடாது பாருங்க." இதைச் சொல்லும்போது கண் லேசாக மூடும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களைக் கண்டால் துக்க வீட்டுக்குப் போனவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு நாள் கடைக்குப் போய், கண்ணில் பட்ட முதல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, மறுநாள் காலையிலேயே அவர் மகனுடைய வண்டியைக் கழுவிப் பளபளவென்று நிறுத்தினார். தம்பி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து சொன்னான்: "பாவம்க்கா அவரு. நூத்திப்பத்து பார்தான். ஏமாத்திட்டானுங்க."

ஏமாந்தவர் விசிலடித்தபடி டயருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர்களுக்கு இந்த இனம் நன்றாகத் தெரியும். நானே ஒரு தடவை கூடப் போனேன். எங்களைப் பார்த்ததும் கடைப்பையன்கள் ஒருவர் பின் ஒருவராகக் கிடங்குக்குள் மறைந்தார்கள். முதலாளி மட்டும் தப்பிக்க வழியில்லாமல் கல்லாவில் மாட்டிக்கொண்டார்.

"வாங்க சார். இன்னைக்கு எடுத்துக்கிறீங்களா?"

"எடுத்துக்கலாம். அந்த நீல மாடல்ல ஹோஸ் எத்தனை மீட்டர்?"

"போன வாரம் பார்த்த அதே எட்டு மீட்டர்தான் சார். வளரலை."

தம்பி சிரிக்கவில்லை. குனிந்து, அளவு நாடாவை விரித்து, அளந்தான். ஏழு மீட்டர் தொண்ணூற்று நான்கு. முதலாளியை ஒரு பார்வை பார்த்தான். கொலைக்கேசில் சாட்சி கிடைத்த போலீஸ்காரருக்குக்கூட அத்தனை சந்தோஷம் இருக்காது.

தொழிற்சாலையில் இதே மனிதன், ஓடும் பட்டையில் வரும் பிஸ்கட்டுகளைப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று கண் இமைப்பதற்குள் தீர்ப்புச் சொல்கிறவன். ஆயிரக்கணக்கான பிஸ்கட்டுகளின் தலையெழுத்தை ஒரு நாளில் முடித்துவைக்கிறவனுக்கு ஒரு இயந்திரத்தை எடுக்க ஐந்து மாதம் ஏன் போதவில்லை என்று கேட்கிறீர்களா? பிஸ்கட் அடுத்தவர் வாயில் போகிறது. இது தன் வீட்டுக்கு வருகிறது.

இதோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் வாங்கப்போகிறவர் ஒருவர் உட்கார்ந்து யோசிக்கும்போது, அவர் வீட்டில் யாரோ ஒருவர் நின்றுகொண்டு காத்திருப்பார். இங்கே நின்றவள் அவன் மனைவி. ஒன்பது வருடம் துணிக்கடையில் நின்று கால் வீங்கியவள். மெனக்கெட்டுப் படித்து, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்கான தேர்வில் தேறினாள். பெண்களுக்கு மட்டும் கற்றுத்தரும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில், சொந்தக் காரோடு வரும் ஆசிரியைக்கு ஒரே ஒரு இடம் காலி இருந்தது. பள்ளியின் முதலாளியம்மா தொலைபேசியில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: "வியாழக்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்கே வந்து வண்டியப் பார்ப்பேன். சுத்தமா இருக்கணும். அழுக்கு வண்டில யாரும்மா காசு குடுத்துக் கத்துக்க வருவாங்க? உனக்குப் பின்னாடி இன்னும் மூணு பேர் இருக்காங்க."

அன்று திங்கட்கிழமை.

"என்னங்க, வெளில குடுத்துக் கழுவிக்கலாமா?"

"வெளிலயா? அங்க எத்தனை பார்ல அடிக்கிறான்னு தெரியுமா உனக்கு? பெயிண்ட் உரிஞ்சு கைல வரும்."

"அப்ப நானே ஒரு வாளில தண்ணி பிடிச்சு..."

"வாளியா!" என்றான் தம்பி. காருக்குத் தீ வைக்கட்டுமா என்று அவள் கேட்டிருந்தால்கூட அவ்வளவு பதறியிருக்க மாட்டான்.

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணி, நீங்களாவது சொல்லுங்க."

சொன்னேன். "டேய், புதன்கிழமைக்குள்ள மெஷின் வரலைன்னா, வியாழக்கிழமை காலைல உன் நோட்டுப் புத்தகத்தை நனைச்சு நானே காரைத் துடைச்சுருவேன்."

இந்த இனத்தை அசைக்க வேறு வழி கிடையாது. புதன்கிழமை சாயந்திரம் பெட்டி வந்தது. நூற்று நாற்பது பார். பிரஷ் இல்லாத மோட்டார். ஹோஸ் பத்து மீட்டர், அளந்து பார்த்தது. கையால் அழுத்தி நுரை தெளிக்கும் புட்டி ஒன்றும் தனியாக வந்தது. பிரித்தெடுக்க மூன்று மணி நேரம் ஆனது. செய்முறைப் புத்தகத்தைத் தெரிந்த மொழியில் ஒரு தடவை படித்தான். பிறகு தெரியாத மொழியிலும் பக்கம் பக்கமாகப் புரட்டினான். படங்கள் இரண்டிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்தானாம்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் தெருவே கூடிவிட்டது. தம்பி முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினான். புட்டியால் நுரையைத் தெளித்தான். கார் முக்காடு போட்ட கல்யாணப் பெண் போல நுரைக்குள் மறைந்தது. எதிர்வீட்டு டிரைவர்கூடக் கை தட்டினார். தம்பி துப்பாக்கியை உயர்த்தினான், சரியாக முப்பது சென்டிமீட்டர் தள்ளி நின்றான், விசையை அழுத்தினான்.

கொர்ர்ர்.

இரண்டு நொடி சீறியது. இருமியது. நின்றது. மறுபடி அழுத்தினான். மறுபடி கொர்ர்ர். நாசிலைக் கழற்றி ஊதினான். வடிகட்டியைக் கழுவினான். பிளக்கைப் பிடுங்கி மாட்டினான். வெயில் ஏற ஏற நுரை காய்ந்து, அடியில் ஊறிய சேறு அதற்குள் கோடு கோடாக வழிந்தது. சும்மா அழுக்காக இருந்த வண்டி இப்போது வரிக்குதிரையாகிவிட்டது.

"தம்பி, இந்த மெஷினுக்கு நிமிஷத்துக்கு எவ்வளவு தண்ணி வேணும்?"

"ஏழரை லிட்டர்க்கா. ஏன்?"

"நம்ம குழாய் எவ்வளவு குடுக்குது?"

அவன் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினான்; அதற்கு அதில் கட்டமே இல்லை. பத்து லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிரம்ப மூன்று நிமிடம் பத்து நொடி. அதாவது இயந்திரம் கேட்பதில் பாதிகூட வரவில்லை. ஐந்து மாதத்தில் அவன் இருபத்தாறு இயந்திரங்களை அளந்திருந்தான். தன் வீட்டு வாசலில் இருக்கும் குழாயை அளக்கவில்லை. எப்படி அளப்பான்? எங்கள் வீட்டுக் குழாயைப் பற்றி எந்தத் தாடிக்காரரும் வீடியோ போடவில்லையே.

"தப்பு மெஷின் மேல இல்லக்கா. குழாய் மேலதான். இதுக்குன்னு ஒரு பம்பு வருது. அதுல நாலஞ்சு மாடல் இருக்கும்னு நினைக்கிறேன்..." என்று ஈரக் கையாலேயே கைப்பேசியை எடுத்தான்.

"மணி ஒன்பதாகுது," என்றாள் அவன் மனைவி. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இரு, இரு! வாளில இருந்து தண்ணிய உறிஞ்சிக்கிற வசதி இதுலயே இருக்கு. பதினொன்னாம் பக்கம்!"

"அந்த வாளிய இப்படிக் குடுங்க."

வாங்கினாள். தூக்கினாள். கூரைமேல் ஒரே வீச்சாக ஊற்றினாள். சேறும் நுரையும் சேர்ந்து வழிந்தோட, அதற்குள்ளிருந்து நாங்கள் மறந்தே போயிருந்த ஒரு வெள்ளைக் கார் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. நான் பழைய பனியனோடு இறங்கினேன். எதிர்வீட்டு டிரைவர் இரண்டு கையிலும் இரண்டு வாளியோடு ஓடிவந்தார். "மெஷினைக் கொண்டாரட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டு, "நூத்திப்பத்து பார்தான்" என்று தம்பி பக்கம் திரும்பிச் சொன்னார். தம்பி கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தான். பிறகு அதைத் தரையில் வைத்துவிட்டு, சமையலறைக்கும் குளியலறைக்கும் வாசலுக்குமாக வாளி சுமந்தான். பூட்ஸுக்குள் தண்ணீர் போய், நடக்க நடக்கச் சளக் சளக்கென்றது. மொத்தம் இருபத்திரண்டு வாளி. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கண்ணாடியில் எங்கள் முகம் தெரிந்தது.

முதலாளியம்மா வந்தார். காரைச் சுற்றினார். கூரையில் ஒரு விரலை இழுத்து, விரலைப் பார்த்தார். மூலையில் கிடந்த இயந்திரத்தையும் பார்த்தார்.

"ஓ, மெஷின் வெச்சிருக்கீங்களா? அதான் இப்படிப் பளிச்சுனு இருக்கு. எந்த மாடல் சார் நல்லது?"

ஐந்து மாதம் காத்திருந்த கேள்வி! தம்பி வாயைத் திறந்தான். அவன் மனைவி அவன் பூட்ஸின்மேல் மெதுவாகக் காலை வைத்தாள். வரலாற்றில் முதல்முறையாக, வாங்கப்போகிறவர் ஒருவர் வாயை மூடிக்கொண்டார்.

கார் அவன் பெயரில் இருப்பதால், பள்ளிக்கு ஓட்டச் சம்மதம் என்று அவன்தான் எழுதித்தர வேண்டும். ஆறு பக்கம். பொடி எழுத்து.

"நிதானமாப் படிச்சுட்டு அடுத்த வாரம்கூடக் குடுங்க சார். ஆனா பதினோரு மணிக்கு அடுத்த ஆளைப் பார்க்கப் போறேன். அவங்க கைல பேனாவோட நிப்பாங்க."

தம்பியின் கண் முதல் வரிக்கு ஓடியது. இரண்டாம் வரிக்குப் போனது. "மத்த ஸ்கூல்ல எல்லாம் இந்த நிபந்தனை..." என்று ஆரம்பித்தான். அவன் மனைவி கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்தாள். சொட்டுச் சொட்டாக அவன் பூட்ஸின் பக்கத்தில் விழுந்தது. வீங்கிய காலோடு அவள் நின்ற நிற்பை அவன் பார்த்தான்.

"பேனா இருக்கா?" என்றான்.

கடைசிப் பக்கத்துக்குப் புரட்டினான். ஈரக் கை பட்டு, பெயரின் கடைசி எழுத்தில் மை பரவியது.

வாசகர்களே, இவ்வளவு நேரம் என் தம்பியைப் பார்த்துச் சிரித்தீர்கள். நல்லது. ஆனால் நடுவில் எங்காவது, 'கடைசியில் அவர் வாங்கியது எந்தக் கம்பெனி என்று இந்த அம்மா சொல்லவே இல்லையே' என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் உங்கள் வீட்டுக்குள் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்; யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். எதையும் எதோடும் ஒப்பிடாமல் நீங்கள் முதன்முதலாக உங்கள் பெயரை எழுதிக் கொடுத்தது எந்தத் தேதியில் என்றும் யோசித்துப் பாருங்கள். என் தம்பிக்கு அப்படி ஒரு தேதி இருக்கிறது. மார்ச் பதினான்கு, வியாழக்கிழமை.