பால்ஞானியின் சுண்டுவிரல்

பாலில் விஷம் இருந்தால் சிவக்கும், இல்லாவிட்டால் சிவக்காது. இந்த அரிய உண்மையைக் கண்டுபிடித்த பால்ஞானி, மருந்துக்கடைக்கு நேர் எதிரே மாடியறையில் வந்து அமர்ந்தார். மருந்துச்சீட்டோடு வந்த தாய்மார்கள் கடையை விட்டுவிட்டுப் படியேறினார்கள். பின்னாலேயே மாமியார்களும் ஏறினார்கள். படிக்கட்டு இடிந்து விழாததே அதிசயம். அதையும் ஞானி தன் மகிமை என்றே சொல்லிக்கொண்டார்.

"மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறியாம்மா?" என்று முதலில் கனிவாகக் கேட்பார். பிறகு மஞ்சள் கரைத்த நீரில் தாய்ப்பாலைச் சொட்டவிட்டு, சுண்டுவிரலால் கலக்குவார். மாத்திரை சாப்பிடுகிறவள் பால் சிவந்துவிடும். சாப்பிடாதவள் பால் மஞ்சளாகவே கிடக்கும். அப்போது கலக்கியது எந்தக் கை என்று யார் பார்த்தார்கள்? சிவந்தவர்களுக்கு அவரிடமே பால்மாவு டப்பா உண்டு. ஞானம் இலவசம், டப்பாவுக்குத்தான் விலை.

தையற்கடைக்காரியின் தம்பி மனைவிக்கு மார்பில் பால் கட்டிக் காய்ச்சல். பால் கொடுக்கிறவள் என்று தெரிந்தேதான் டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினார். மாத்திரையையும் நிறுத்தாதே, பாலையும் நிறுத்தாதே என்று படித்துப் படித்துச் சொன்னார். என்ன சொல்லி என்ன, மாடியறையில் கிண்ணம் சிவந்துவிட்டதே! இரண்டையும் நிறுத்தினாள். மார்பு கல்லாக இறுகியது, காய்ச்சல் ஏறியது. குழந்தையோ டப்பாப் பாலைத் துப்பிவிட்டு அலறியது. பார்த்த நாத்தனார் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மறுநாள் அவள் ஒரு புட்டியோடு மாடியேறினாள். தம்பி மனைவியால் எழுந்திருக்க முடியவில்லை, இது அவள் பால், மாத்திரை சாப்பிடுகிறாள் என்றாள். சுண்டுவிரல் இறங்கியது. கிண்ணம் சிவந்தது.

"பாத்தியா? கொடிய விஷம்."

"நல்லா பாத்துச் சொல்லுங்க ஐயா."

"இதுல பாக்க என்ன இருக்கு? ஒரு சொட்டு போனாலும் புள்ளைக்கு ஆகாது."

"இது உங்க டப்பாவுல கரைச்ச பாலுங்க."

ஞானிக்கு இருமல் வந்தது. அவள் வேறு கிண்ணத்து மஞ்சள் நீரில் அதே பாலை ஊற்றி, தன் கரண்டியால் கலக்கினாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. பிறகு அவர் சுண்டுவிரலைப் பிடித்து எல்லோருக்கும் காட்டினாள். கலக்கிய கையின் நகத்துக்கடியில் ஈரச் சுண்ணாம்பு, மறு கையில் இல்லை. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். படியேறும்போது மட்டும் மறந்திருந்தது.

அன்று மாலையே தம்பி மனைவி மாத்திரையை விழுங்கிவிட்டுக் குழந்தையை மார்பில் போட்டாள். அது எந்தச் சோதனையும் செய்யாமல் குடித்தது.

படித்துவிட்டு மருந்து எழுதிய டாக்டரிடம் ஆயிரம் சந்தேகம் கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். பாலில் விரலை விட்டவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே: "முதல்ல கையக் கழுவிட்டு வாங்க."