பீரோக் கதவில் கல்லாவி பஸ்

எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். ஓசூரில் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் பதினாறு வருடமாக இரும்புத் தகடு அடிக்கிறேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வராது. வீட்டுக்கு வந்து குடித்துக்கொள்வேன். அப்படிப்பட்டவள் பேனாவும் கையுமாக உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். நான் எழுதாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லும் கதைதான் நிற்கும். அவர் கதையில் நான் ஒரு கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் அடித்து உடைக்கிறேன். நான் உடைக்கவில்லை. அது நின்றுபோனது, அவ்வளவுதான்.

என் மகள் நந்தினி பெங்களூர் போகும் வழியில் ஒரு பல்கலைக்கழகத்தில் வெப் டிசைனும் இன்டராக்டிவ் மீடியாவும் படித்தாள். அது என்ன படிப்பு என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "கம்ப்யூட்டர்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். (மேலே ஒரு கேள்வி கேட்டால் எனக்கும் தெரியாது.) அந்த மூன்று வருடத்தில் நான் புரிந்துகொண்டது ஒன்றுதான். அதைப் படிக்கிறவர்களால் வீட்டில் ஒரு சாமானையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. ஒருநாள் எங்கள் கேஸ் அடுப்பின் மேல் குற்றம் கண்டுபிடித்தாள். எந்தத் திருகு எந்த அடுப்புக்கு என்று பார்த்தால் தெரியவில்லையாம்.

"பத்து வருஷமா எனக்குத் தெரியுதேடி."

"உனக்குப் பழகிருச்சும்மா. பழகுறது வேற, புரியுறது வேற."

கடைசி வருடம் அவள் எடுத்துக்கொண்ட வேலை, பஸ் நிலையத்தில் வைக்கிற மாதிரி ஆள் உயரத் தொடுதிரை. தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மொழியைத் தொட வேண்டும், பிறகு ஊரைத் தொட வேண்டும். எந்த பஸ், எங்கே நிற்கிறது என்று அது காட்டும். நல்ல விஷயம்தான். வம்பு எங்கே வந்தது என்றால், தேர்வு நாளில் கம்ப்யூட்டர் பழக்கமில்லாத, நாற்பது தாண்டிய ஒருவரை வீட்டிலிருந்து அழைத்துவந்து, எல்லார் முன்னாலும் அதைத் தொடவைக்க வேண்டுமாம். அந்த ஆளுக்கு 'பயனர்' என்று பெயர்.

"அப்பாவக் கூட்டிட்டுப் போ," என்றேன்.

"அப்பா திரையத் தொடமாட்டாரு, திரைகிட்ட பேசுவாரு. நீதாம்மா வரணும். நீ ஒண்ணும் பயப்படாத. யூசர் தப்பு பண்ணா அது யூசர் தப்பில்ல, டிசைனோட தப்பு."

அவள் எனக்குத் தைரியம் சொன்னாள். எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. அப்படியென்றால் நான் செய்யும் ஒவ்வொரு தப்பும் அவள் கணக்கில் ஏறும். இதில் தோற்றால் அடுத்த செமஸ்டர்தான். பெங்களூரில் கிடைத்திருந்த பயிற்சி வேலையும் போய்விடும். அதையெல்லாம் கொண்டுபோய் என் ஆள்காட்டி விரலில் மாட்டிவிட்டாள்.

அடுத்த வாரம் அவள் திரைகளை நிஜ அளவில் தாளில் அச்சிட்டு, உயரம் பார்ப்பதற்காக எங்கள் பீரோக் கதவில் ஒட்டினாள். மேலே ஒரு போர்வையைத் தொங்கவிட்டாள். "இதப் பாக்காதம்மா. நீ புது ஆளா வந்தாதான் டெஸ்ட் செல்லும்." புடவை எடுப்பதற்குக்கூட நான் கண்ணை மூடிக்கொண்டு பீரோவைத் திறந்தேன். மூன்று நாள் அப்படித் திறந்தேன். (ஒருநாள் உள்பாவாடையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன்.)

நாலாவது நாள் போர்வையை விலக்கினேன்.

அதன்பின் இரண்டு வாரம், இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் தினமும் பீரோ முன்னால் நின்று பயிற்சி செய்தேன். எனக்குத் தெரிந்த ஊர் நான் பிறந்த கல்லாவி. இடது ஓரம் தமிழ். மூன்றாவது வரிசையில் நடுக்கட்டம் கல்லாவி. கீழே பச்சைப் பொத்தான். மெஷின் வேலையைப் பழகுவது மாதிரியே பழகினேன். கடைசியில் எழுத்தைப் பார்க்கவே தேவையில்லை, கை தானாகப் போனது. ஒருநாள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"பீரோவ என்னாத்துக்குத் தடவிட்டு நிக்குற?"

"தூசி."

"தூசிய ஒத்த வெரல்லயா தொடப்பாங்க?" என்று கேட்டுவிட்டு லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நந்தினி எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள் என்பது எனக்குத் தெரியாது. எந்த மொழிக்காரரும் 'நாங்கள் கடைசியா' என்று கோபித்துக்கொள்ளக் கூடாதென்று, ஒவ்வொரு முறையும் மொழிகளின் வரிசை தானாக மாறும்படி செய்திருந்தாள். மூன்று மொழியும் புழங்கும் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைக்குத்தான் இந்தக் கவலை வரும். ஊர்களும் இடம் மாறியிருந்தன. கடைசித் திரையில் பச்சைப் பொத்தானும் ஒன்றுக்கு இரண்டாகியிருந்தது.

தேர்வு நாளன்று என்னை அந்தத் திரைக்கு முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் ஐம்பது பேர் இருந்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு கன்னடக்கார மேடம், தமிழும் பேசினார். தொடும்போது மனதில் என்ன தோன்றுகிறதோ அதை அப்படியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுதான் விதி என்றார். (வீட்டிலேயே நான் அப்படிச் சொன்னதில்லை.)

"அம்மா, நீங்க பர்கூர் போகணும். பஸ் எங்க நிக்குதுன்னு கண்டுபிடிங்க."

பர்கூர் என்றது காதில் விழுந்தது. கைக்கு எட்டவில்லை. கை இடது ஓரத்தைத் தொட்டது. திரை முழுவதும் தெலுங்கு வந்தது. தெலுங்கு எனக்குப் பேச வரும், படிக்க ஒரு எழுத்து தெரியாது. அங்கேயாவது நின்றிருக்கலாம். நான் மூன்றாவது வரிசைக்குப் போய் நடுக்கட்டத்தை அழுத்தினேன்.

"எங்கம்மா போறீங்க?"

"கல்லாவிக்குங்க."

"நான் பர்கூர் சொன்னேனே. சரி, உங்களுக்குத் தெலுங்கு படிக்க வருமா?"

"வராதுங்க."

"அப்புறம் எப்படி கண்டுபிடிச்சீங்க?"

மனதில் தோன்றுவதைச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஜென்மத்தில் ஒரு முறை விதியை மதித்து வாயைத் திறந்தேன்.

"எங்க பீரோவுல மூணாவது வரிசைதாங்க கல்லாவி. இங்க மாத்தி வெச்சிருக்காங்க."

ஐம்பது பேரும் சிரித்தார்கள். நந்தினி கண்ணை மூடிக்கொண்டாள்.

நிமிர்ந்து பார்த்தால் புதுத் திரை. படிக்க முடியாத எழுத்து, இடது பக்கம் ஒரு பச்சைப் பொத்தான், வலது பக்கம் ஒரு பச்சைப் பொத்தான். இரண்டு வாரப் பழக்கம் என்னைக் கைவிட்டது. பதினாறு வருடப் பழக்கம் கைகொடுத்தது. இரண்டு கையையும் தூக்கி, இரண்டு பச்சையையும் ஒரே நேரத்தில் ஓங்கி அமுக்கினேன். தெலுங்கு போனது, கன்னடம் வந்தது, ஒரு பஸ் படம் தலைகீழாகக் குதித்தது. அத்தோடு திரை நின்றது.

மேடம் என் கைகளைப் பார்த்தார். "யாக்கம்மா எரடு கை?" என்றார். ஏன் இரண்டு கை என்று கேட்கிறார்.

ஷாப்பில் பாதிப் பேர் கன்னடக்காரர்கள், அதனால் எனக்குக் கன்னடம் வரும். எங்கள் மெஷினில் இரண்டு பச்சைப் பொத்தானையும் இரண்டு கையாலும் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும், ஒரு கை சும்மா இருந்தால் தகட்டோடு உள்ளே போய்விடும் என்று சொல்லி, ஆதாரத்துக்குப் பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். பலர் முன்னால் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

மேடம் தலையாட்டிவிட்டு நந்தினி பக்கம் திரும்பினார். "இவங்க பழகிட்டு வந்தவங்க, கணக்கில சேராது. ரெண்டு கை வெச்சா திரை நிக்குது பாருங்க, அது உங்க தப்பு. அரை மணி நேரம் தர்றேன். இதப் பாக்காத ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க."

நந்தினி நின்ற திரையை மறுபடி ஓடவிட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலே ஓடி, கேன்டீனில் பாத்திரம் கழுவும் அம்மாவைக் கூட்டிவந்தாள். அந்த அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். நின்று நிதானமாகப் படித்தார். கன்னடத்தைத் தொட்டார், பர்கூரைத் தொட்டார், பஸ் வந்துவிட்டது. "இஷ்டேனா?" என்று கேட்டார். இவ்வளவுதானா என்று அர்த்தம். என் மகள் தேறியதற்குக் காரணமான அந்த அம்மாவை நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். எனக்கு அந்த நேரம் வந்தது எரிச்சல்தான்.

திரும்பும் பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டியதும் நந்தினி கேட்டாள்.

"ஏம்மா போர்வையத் தூக்கின?"

"நான் தப்பு பண்ணா அது உன் டிசைனோட தப்புன்னு சொன்னியே."

"அந்தத் தப்ப பீரோகிட்டயே பண்ணிட்ட. என் முன்னாடி பண்ணிருந்தா எதச் சரி பண்ணணும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்." கொஞ்ச தூரம் போனபின் சொன்னாள்: "நீ தொட்டது கல்லாவியும் இல்ல. காவேரிப்பட்டினம்."

இரண்டு கை விஷயத்துக்குக் கொஞ்சம் மதிப்பெண் போனது. பயிற்சி வேலை போகவில்லை. ஆனால் அவளுடைய அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அதை அவள் அப்பாவுக்குத் தமிழில் படித்துக் காட்டியதுதான் என் கெட்ட காலம். 'பயனர் ஒன்று: திரையை மனப்பாடம் செய்து வந்தவர். நீக்கப்பட்டார்.' இன்றைக்கும் சாப்பாட்டில் உப்புக் குறைந்தால், "பயனர் ஒண்ணக் கூப்புடு," என்கிறார். கல்யாண வீட்டில் லிப்ட் வந்தால், "பொத்தான் பக்கம் அவள விடாதீங்க," என்று முன்னால் போய் நின்றுகொள்கிறார்.

தேர்வுக்கு மறுநாள் எனக்கு முதல் ஷிப்ட். ஆறு மணிக்கு மெஷின் முன்னால் நின்று, தகட்டை வைத்து, இரண்டு பச்சைப் பொத்தானையும் இரண்டு கையாலும் அமுக்கினேன். பிரஸ் இறங்கியது.