அட்டவணையார் ப்ளோயரோடு பொருத படலம்

வாழ்க அட்டவணையார்! நகரத்துப் பேருந்துகள் அத்தனையும் எந்த நிமிடம் எந்த நிறுத்தத்தில் நிற்க வேண்டும் என்று காகிதத்தில் விதித்து, அவை ஒருநாளும் அப்படி நிற்காதது கண்டும் மனம் தளராத பெருந்தகை. மூன்று நிறப் பென்சில்களைச் சட்டைப் பையில் ஆயுதமெனத் தரித்தவர். குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் இயல்பினர். ஒரே மனைவிக்குக் கணவர், ஒரே மகளுக்குத் தந்தை, ஒரே மச்சானுக்கு வற்றாத நகைச்சுவைச் சுரங்கம். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், இலைகளை ஊதித் தள்ளும் டூ ஸ்ட்ரோக் ப்ளோயர் என்னும் இயந்திர அரக்கனோடு பொருது வென்ற வரலாற்றைச் சொல்லத் துணிந்தோம். கேட்போர் காதில் பஞ்சு வைத்துக்கொள்வது நலம்.

களம், வீட்டு வாசற்கதவுக்கும் இரும்புக் கேட்டுக்கும் இடையே கூழாங்கல் பரப்பிய சிறு நிலம். பக்கத்து மதிலைத் தாண்டிக் கிளை நீட்டிய பெருமரம் ஒன்று ஒரு வாரமாக யாரையும் கேளாமல் அங்கே இலை கொட்டிக் கணுக்கால் ஆழத்துக்கு நிரப்பியிருந்தது. துடைப்பம் போட்டால் இலையோடு கல்லும் கிளம்பிவிடும். மாலை ஐந்து மணிக்கோ, மகளை மணக்கப் போகிறவரின் பெற்றோர் முதன்முறையாக அந்த வீட்டுக்கு வருகிறார்கள். கூடத்துச் சோபாவில் மூன்று பேர் உட்கார்ந்தால் நான்காமவர் நிற்க வேண்டும். எனவே நாற்காலிகளை வாசலில் போடுவதென்று அட்டவணையாரின் மனைவி ஆணையிட்டிருந்தார்.

மணி இரண்டரை. வீரர் டேங்கைத் திறந்து பார்த்து மூடிவிட்டு, ப்ளோயரின் கயிற்றைப் பற்றி இழுத்தார். முதல் இழுப்பில் அது இருமிற்று; இரண்டாம் இழுப்பில் உறுமிற்று; மூன்றாம் இழுப்பில், நூறு யானைகளை ஒரு தகர டப்பாவில் அடைத்துக் குலுக்கினாற்போல முழங்கிற்று. இலைப் படை நிலைகுலைந்தது. காலாட்படை கேட்டுப் பக்கம் ஓட, குதிரைப்படை மதிலேறிக் குதிக்க, சருகுகளில் மூத்ததான ஒன்று மட்டும் அட்டவணையாரின் பனியனுக்குள் தஞ்சம் புகுந்தது. ஆறு நிமிடம் இந்த அழகைக் கண்டு வானமே வாய் பிளந்தது. ஏழாம் நிமிடம் முழக்கம் முனகலாயிற்று, முனகல் கொட்டாவியாயிற்று. குழாய் முனையில் ஓர் இலை சற்றே அசைந்து, வேலை ஒன்றுமில்லை என்று கண்டு மறுபடி படுத்துக்கொண்டது.

அட்டவணையார் உடனே பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது. மூடினார்.

எந்த வண்டி நின்றாலும் முதலில் டேங்கைப் பார்ப்பது அவர் வழக்கம். அதற்குப் பின்னே ஒரு துயர வரலாறு உண்டு. பதினோரு ஆண்டுகளுக்கு முன், ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்ட அவசரத்தில், பெட்ரோல் காருக்கு டீசல் ஊற்றிய பிழை அவருடையது. நடுச்சாலையில் நின்ற காரை இழுத்துப் போக வந்தவர் அவர் மனைவியின் தம்பி. சொந்தமாக மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர். உறவினர் வழங்கிய பட்டம் ஸ்பேனர். அன்று முதல் குடும்பத்தில் எவர் பிறந்தாலும், எவர் மணந்தாலும், ஸ்பேனர் எழுந்து நின்று அந்த டீசல் கதையை நடித்துக் காட்டாமல் பந்தி கலைவதில்லை. ஆண்டுதோறும் அதில் ஒரு கிளைக்கதை முளைத்தது. கடைசியாகச் சொன்னபோது அட்டவணையார் காருக்குக் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி அழுதிருந்தார்.

சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, தம்பிக்கு ஒரு போன் போடட்டுமா?"

விண்ணதிர மறுமொழி பிறந்தது.

"வேண்டாம்! சம்பந்தி வர்ற நாள்ல இன்னொரு கதைக்கு நான் ஆளாக மாட்டேன். நானாச்சு, இந்த ப்ளோயராச்சு!"

"அது சரி. அஞ்சு மணிக்கு அவங்க வரும்போது நீங்களும் ப்ளோயருமா இலைக்கு நடுவுல நின்னு வாங்கன்னு சொல்லுங்க."

வஞ்சினம் கூறிய வீரர் முதற்போரை ஏர் ஃபில்டர் மீது தொடுத்தார். மூடியைக் கழற்ற, மூச்சு முட்டிக் கிடந்த கரும்பஞ்சு வெளிப்பட்டது. அதைச் சோப்பு நீரில் அமிழ்த்தி, பிழிந்து, மகளின் ஹேர் டிரையரால் உலர்த்தி, மணமகளுக்கு மாலை சூட்டுவது போல் மீண்டும் பொருத்தினார். பொருத்தியதும் பழக்கப்படி டேங்கைத் திறந்து பார்த்து மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தார். ப்ளோயர் முழங்கிற்று! "ஃபில்டர்தான்! அப்பவே நெனச்சேன்!" என்று திசைகளுக்கு அறிவித்தார். திசைகள் பாராட்டி முடிக்குமுன் கொட்டாவி வந்துவிட்டது.

இரண்டாம் போரில் ஸ்பார்க் பிளக் சிறைபிடிக்கப்பட்டது. எண்ணெயும் கரியுமாக இருந்த அதன் முகத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, முனைகளின் இடைவெளியை மடித்த காகிதத்தால் அளந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி முறைத்துப் பார்த்து, திருகி ஏற்றினார். டேங்கைப் பார்த்தார். இழுத்தார். முழக்கம்! "பிளக்தான்! நூத்துக்கு நூறு பிளக்தான்!" சற்றுப் பொறுத்து, கொட்டாவி.

மூன்றாம் போரோ கொடிது. சைலன்சரைக் கழற்றி, அதன் வாயில் அடைத்திருந்த சிறு வலையை எடுத்து, அதில் படிந்த கரியைச் சுரண்டிய வேளையில், புகையின் தலைவன் பழிதீர்ப்பான் போல் அவர் முகம் முழுதும் கறுப்புப் பூசினான். வெள்ளை விழி இரண்டும் பல் வரிசையும் மட்டும் மிஞ்சிய கோலத்தில் அவரைக் கண்ட மகள், "ஐயோ அப்பா!" என்று உள்ளே ஓடிப்போய், தந்தையின் சபதத்தைக் காற்றில் விட்டு, ஸ்பேனர் மாமாவுக்குப் போன் செய்துவிட்டாள். இதை அறியாத வீரர் டேங்கைப் பார்த்தார், இழுத்தார், முழங்கினார், அறிவித்தார், ஓய்ந்தார்.

மணி நான்கு. இலைகள் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தன. தோற்ற மன்னர் காட்டுக்குப் போவார்; அட்டவணையார் படியில் உட்கார்ந்து பையிலிருந்து பென்சில் எடுத்தார். துன்பம் வந்தால் நேரம் குறிப்பது அவர் தொழிற்குணம். அருகே கிடந்த பழைய அட்டை ஒன்றின் பின்புறம், ஒவ்வொரு முறையும் ப்ளோயர் கிளம்பிய நேரத்தையும் படுத்த நேரத்தையும் நினைவிலிருந்து எழுதினார். எழுதியவர் கண்களைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஆறு நிமிடம். ஆறு நிமிடம். ஆறு நிமிடம். நான்கு முறையும் ஆறே நிமிடம்! அவருடைய பேருந்து ஒன்றுகூட வாழ்நாளில் காட்டாத ஒழுங்கு!

ஃபில்டரைக் கழுவினாலும் ஆறு, பிளக்கைத் தேய்த்தாலும் ஆறு, முகத்தில் கரி பூசிக்கொண்டாலும் ஆறு என்றால், ப்ளோயரை எழுப்பியது அவை எதுவுமில்லை. நான்கு முறையும் அவர் பொதுவாகச் செய்தது ஒன்றே ஒன்று. டேங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸ் என்று அது நெடுமூச்சு வாங்கிற்று. வேறெதையும் தொடாமல் மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தார். முழங்கிற்று!

அணைத்துவிட்டு மூடியின் தலையைக் கூர்ந்து நோக்கினார். அங்கே, மழைக்கும் வெயிலுக்கும் அசையாத பிளாஸ்டிக் லேபிள் ஒன்று, ஓரம் பிசகாமல், நடுமையம் தவறாமல், அழகாக ஒட்டப்பட்டிருந்தது. நீல மையில் முத்து முத்தான எழுத்து: "ஆயில் கலந்த பெட்ரோல் மட்டும். வேறு எதுவும் ஊற்ற வேண்டாம்."

அந்தக் கையெழுத்தை அவர் அறிவார். அவர் மனைவி மருத்துவமனையின் மருந்தகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்துப் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுபவர். ஒன்றுகூடத் தவறாக ஒட்டியதில்லை என்பது அவர் வாழ்வின் ஒரே தற்பெருமை. போன ஞாயிறு, "மறதியா வெறும் பெட்ரோல ஊத்திட்டீங்கன்னா இஞ்சினே போயிடும். அப்புறம் என் தம்பி வாய யார் அடைக்கறது?" என்று சொல்லிக்கொண்டே அதை விரலால் தடவித் தடவி ஒட்டியவரும் அவரே. ஒருவர் மானம் காக்க ஒருவர் ஒட்டிய கவசம் அது.

லேபிளை நகத்தால் உரித்தார். அடியில் ஊசிமுனை அளவு ஒரு துளை. பெட்ரோல் குறையக் குறைய அந்தத் துளை வழியே டேங்குக்குள் காற்று போக வேண்டும். துளை அடைபட்டதால், வாயை இறுகப் பொத்திய பாட்டிலில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுபவர் போல, இஞ்சின் ஆறு நிமிடம் உறிஞ்சிப் பார்த்து மயங்கியிருக்கிறது.

பிறகு நடந்ததைப் பாட ஆயிரம் நா வேண்டும். ஊழிக்காற்றைத் தோளில் சுமந்தவராய், கரி முகத்தவராய், பனியன் தரித்தவராய், அவர் வலம் சுழன்றார், இடம் சுழன்றார். இலைகள் அடியற்று, அணியற்று, மூலையில் குவிந்து சரணடைந்தன. கூழாங்கற்கள் ஒவ்வொன்றும் பல்லைக் காட்டிச் சிரித்தன. நாலரைக்குள் களம் பளிச்சென்று ஆயிற்று. ஆறு நிமிடம் அல்ல, இருபது நிமிடம் அரக்கன் ஓயவில்லை. பதினோரு ஆண்டுப் பழி தீர்ந்தது என்று வீரர் நிமிர்ந்த அக்கணம், கேட்டுக்கு வெளியே ஒரு ஹாரன் ஒலித்தது. கருவிப்பெட்டியும் கறைபடிந்த கால்சட்டையுமாக ஸ்பேனர் இறங்கினார்.

"என்ன அத்தான், இந்தத் தடவ என்ன ஊத்துனீங்க? மண்ணெண்ணெயா, நல்லெண்ணெயா?"

"ஒண்ணும் ஊத்தல. ஓடுது, பாரு."

"ஓடுறது தெரியுது. ரெண்டு மணி நேரமா ஏன் ஓடலன்னுதான் கேக்கறேன். காரணம் இல்லாம மெஷின் நிக்காது அத்தான். சும்மா சொல்லுங்க, சம்பந்தி வரட்டும், பேச்சுக்கு ஒண்ணும் இல்லாம உக்காந்திருப்போம்ல."

ஸ்பேனர் குனிந்து ப்ளோயரைப் புரட்டத் தொடங்கினார். காபித் தட்டோடு வாசலுக்கு வந்த மனைவி, முதலில் மூடியின் தலையில் மிஞ்சிய பசையைப் பார்த்தார். அப்புறம் கணவரின் இடக்கை முஷ்டியிலிருந்து எட்டிப்பார்த்த நீல மையைப் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டுப் பெருமை, இன்னும் அரை மணியில் வரப்போகும் புதுச் சம்பந்திகளின் முன்னே, ஸ்பேனரின் வாயில் நடித்துக் காட்டப்படும் கதையாகப் போகிறது. கணவரை மட்டும் பார்த்தார்.

அப்போது, மூன்று போர் கண்டவரும், காலக் கணக்கால் மாயம் அறுத்தவரும், பதினோரு ஆண்டு இகழ்ச்சியைத் துடைக்கும் உண்மையைத் தம் இடக்கைக்குள் கசங்கக் கசங்கப் பிடித்திருந்தவரும், வாயைத் திறந்தால் வெற்றி, திறந்து அதைச் சொன்னால் மனைவிக்குத் தலைகுனிவு என்னும் இருமுனை வாளின் நடுவில் நின்றவருமான அட்டவணையார், கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டு, கரி படிந்த மார்பை நிமிர்த்தி, மலைகள் செவிசாய்க்க, இலைக்குவியல் மூச்சடக்க, மச்சானை நேருக்கு நேர் நோக்கித் திருவாய் மலர்ந்தருளினார்.

"டேங்க்ல பெட்ரோல் இல்ல மச்சான், நான் பாக்கல."