மாப்பிள்ளை கொடுத்த செடி

நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணத்துக்குக் காத்திருக்கும் ஆண்பிள்ளையிடம் எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்கக் கூடாது. காவலுக்கு நிறுத்தினால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்பான். என்னிடம் ஒரு செடியை ஒப்படைத்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். திருவள்ளூரில் ஒரு விவசாய அலுவலகத்தில் நான் புது உதவியாளன். வீடு திருநின்றவூரில். காலையில் ரயில், மாலையில் ரயில், நடுவில் மேலதிகாரி தணிகாசலம் சாரிடம் திட்டு, இதுதான் என் அன்றாடம். (நெல்லுக்கும் கோரைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. கொஞ்சம் உண்மையும் உண்டு.) கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்த நேரம் அது. அப்படி வந்த ஒன்றின் மேனேஜர், வாசலில் அழகுக்கு ஒரு குளம் வெட்டி, கல்கத்தாவிலிருந்து வரவழைத்த நீர்ச்செடியை அதில் விடப் போவதாகச் சொன்னார். குளம் நிரம்பினால் தண்ணீர் பக்கத்து ஏரிக்குத்தான் போகும். அந்த ஏரியை நம்பிப் பயிர் வைத்தவர்கள், "இது இன்னா ஏதுன்னு தெரியாம உடக் கூடாது" என்று குறுக்கே நின்றுவிட்டார்கள். எனவே செடி எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. ஏரிக்குப் போனால் இது களையாகப் பரவுமா, பரவாதா என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

செடி அழகுதான், பொய் சொல்லக் கூடாது. இலைக்காம்பு வெங்காயம் மாதிரி உப்பியிருக்கும், அதனாலேயே தண்ணீரில் மிதக்கும். ஊதாப் பூ, அதன் மேல் இதழில் ஒரு மஞ்சள் பொட்டு. (இன்றைக்கு ஆகாயத்தாமரை என்று ஏரிக்கு ஏரி சாபம் வாங்கும் அதே புண்ணியவதிதான். அப்போது எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் அதைக் கண்ணால் கண்டதில்லை.) அலுவலகத்தின் பின்பக்கத்து சிமெண்டுத் தொட்டியில் அதை மிதக்கவிட்டு, தணிகாசலம் சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏகாம்பரம், இது எவ்வளவு வேகமா பெருகுதுன்னு வாரா வாரம் பாத்து எழுது. ஒரு இலைகூட இந்தக் காம்பவுண்டைத் தாண்டக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்" என்றேன். புரியத்தான் செய்தது.

எனக்கு அந்த ஆனியில்தான் நிச்சயமாகியிருந்தது. பெண் பெயர் கௌரி. கடம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி வரப்பு மேல் நடந்தால் அவள் ஊர். அப்பா முனிரத்தினம், ஊர் ஏரித் தண்ணீரில் நெல் வைக்கிறவர். கல்யாணம் தை மாதத்தில். அதுவரை மாப்பிள்ளை பெண் வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது அந்தக் காலத்து முறை. உருப்படியான காரணம் இருந்தால் காட்டலாம். எனக்குக் காரணம்தான் கிடைக்காமல் இருந்தது. இப்போது அது தொட்டியில் மிதந்துகொண்டிருந்தது.

செடியைத் தொட்டியில் விட்ட கொஞ்ச நாளிலேயே அது பக்கத்தில் குட்டி போட ஆரம்பித்தது. நான் அந்தக் குட்டிகளை ஈரச் சாக்கில் சுற்றி, மஞ்சள் பையில் போட்டு, வீட்டுக்குப் போகும் ரயிலை விட்டுவிட்டு எதிர்த்திசை ரயிலில் ஏறினேன்.

"கல்கத்தாச் செடி மாமா. ஊட்டுக்கு அழகா இருக்கும்னு எடுத்துக்கினு வந்தேன்."

"அடடே, வாங்க மாப்ள, வாங்க! எம்மா கௌரி, அண்டாவக் கொண்டா!"

கௌரி அண்டாவைக் கொண்டுவந்து வைத்தாள். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்கு நான் பிரேசிலிலிருந்துகூட செடி கொண்டுவந்திருப்பேன். (செடியின் பூர்வீகமும் அதுதான்.)

அடுத்த வாரம் தொட்டியில் மறுபடி குட்டிகள். மறுபடி மஞ்சள் பை.

"இன்னா மாப்ள, மறுபடியும் செடியா?"

"இது வேற ரகம் மாமா. இன்னும் ஒசத்தி."

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை வேறு ரகம் என்று வாய் கூசாமல் சொன்னேன். ஆடி போய் ஆவணி, ஆவணி போய் புரட்டாசி என்று என் காதல் வளர்ந்தது. தொட்டி மட்டும் எப்போது பார்த்தாலும் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. கடைசியில் நான் அறிக்கை எழுதினேன்: 'இச்செடி குறிப்பிடத்தக்க அளவில் பெருகவில்லை. தானாக இடம்பெயரும் தன்மை இல்லை. களையாகும் அபாயம் மிகக் குறைவு.' சத்தியமாகச் சொல்கிறேன், எழுதும்போது எனக்கு உறுத்தவே இல்லை. தொட்டியில் எண்ணிப் பார்த்தேன், அதிகமாகவில்லை, அதனால் அப்படி எழுதினேன். அதிகமானதையெல்லாம் பையில் போட்டுக் கொண்டுபோனவன் நான்தான் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. அந்த நாட்களில் என் மூளை கடம்பத்தூரிலேயே தங்கிவிட்டது.

தணிகாசலம் சார் அறிக்கையைப் படித்துவிட்டு, "மழை முடியட்டும், அப்புறம் கையெழுத்துப் போடறேன்" என்று மேசைக்குள் வைத்தார். அந்த மனிதரின் நிதானத்துக்கு நான் இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பெண் வீட்டில் நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அண்டா நிறைந்துவிட்டது. அடுத்து மாட்டுத் தொட்டி நிறைந்தது. மாடு தண்ணீர் குடிக்க வாய் வைக்க இடமில்லை. தூக்கிப் போடலாம் என்று கௌரி சொன்னதற்கு, என் மாமியார் அலறியிருக்கிறார். "மாப்ள ஆசையா குட்தத தூக்கிப் போட்டா சம்பந்தத்தையே தூக்கிப் போட்ட மாதிரிடீ!" அதனால் மரியாதையாக வீட்டுக்குப் பின்னால் இருந்த குட்டையில் விட்டார்கள். 'மாப்பிள்ளை கொடுத்த பூ' என்று கேள்விப்பட்டு அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு கொத்து வாங்கிப்போனார்கள். ஐப்பசி மழையில் குட்டை வழிந்தது. வழிந்த தண்ணீர் ஏரிக்குப் போனது.

கார்த்திகையில் எங்கள் அலுவலகத்துக்குப் புகார் வந்தது. கடம்பத்தூர் பக்கம் ஓர் ஏரியில் பெயர் தெரியாத செடி படர்ந்து மதகை அடைத்துவிட்டதாம், வயலுக்குத் தண்ணீர் இறங்கவில்லையாம். "கிளம்பு ஏகாம்பரம்" என்றார் சார். புகாரில் இருந்தது கௌரியின் ஊர்ப் பெயர்.

கரையில் ஏறிப் பார்த்தேன். தண்ணீரைக் காணோம். மதகிலிருந்து பாதி ஏரி வரைக்கும் பச்சைப் பாய். அதன் மேல் ஊதாப் பூக்கள் காற்றில் தலையாட்டி, என்னை அடையாளம் கண்டுகொண்டதுபோல் நின்றன. கரையில் ஊரே கூடியிருந்தது. என் மாமனார், மாமியார், கௌரி, மதகடியில் நிலம் வைத்திருந்த அவளுடைய பெரியப்பா, எல்லோரும்.

"யாருய்யா இதைக் கொண்டாந்து விட்டது?" என்று சார் கத்தினார்.

ஒருவர் கொக்கைப் பார்த்தார். ஒருவர் தன் கால் நகத்தை ஆராய்ந்தார். பயிர் தண்ணீர் இல்லாமல் காய்கிறது, ஆனாலும் அத்தனை பேரும் அந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வரப்போகிறவனை ஒரு அதிகாரி முன்னால் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று நின்றார்கள். நானோ, கல்லூரியில் படித்து முடித்த நானோ, பெரிய அதிகாரி மாதிரி ஒரு இலையைப் பிய்த்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். (அதில் வாசனையே கிடையாது.)

"சொல்லலைன்னா ஊர் மேலயே எழுதி அனுப்பிடுவேன்" என்றார் சார்.

மாமனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "நான்தான் சார். மெட்ராசு போனப்போ பூ அழகா கீதேன்னு வாங்கினு வந்துட்டேன். தப்புதான்."

சார் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். "வயசாச்சு, விவசாயி வேற. ஊர் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டிருக்கியே" என்றார். மாமனார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் வாய் அப்போதும் திறக்கவில்லை. வெட்கக்கேடு.

திறந்தது கௌரியின் வாய்.

"நைனா, நீ சும்மா இரு. இன்னாத்துக்கு நீ திட்டு வாங்கிக்கினு கீற?" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "சார், எங்க நைனா பொய் சொல்றாரு. அவரு மெட்ராசு போயி வருசமாவுது. இத்த குட்தது இதோ நிக்கிறாரே, உங்க கூட வந்தவரு, இவருதான். வாரா வாரம் மஞ்ச பையில போட்டு எட்துக்கினு வந்து குட்தாரு. வேற ரகம்னு வேற சொன்னாரு."

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். நிச்சயமான பெண், ஊர் நடுவில், மாப்பிள்ளையை விரல் நீட்டிக் காட்டுகிறாள்!

தணிகாசலம் சார் மெல்லத் திரும்பினார். "தானாக இடம்பெயரும் தன்மை இல்லைன்னு எழுதினியே, சரியாத்தான்யா எழுதியிருக்க. அது எங்க தானா போச்சு? நீ டிக்கெட் எடுத்து ரயில்ல இல்ல கூட்டினு வந்திருக்க!"

சிரித்தார்களா? சிரித்தார்கள். கொக்கு பறந்து போகிற அளவுக்குச் சிரித்தார்கள். சிரிக்காதவர் பெரியப்பா ஒருவர்தான். "சிரிப்பு இருக்கட்டும். ஏரி சுத்தமாவட்டும். அதுக்கப்பறம் பந்தக்கால் நடலாம். இல்லன்னா இந்தக் கல்யாணப் பேச்சே வேணாம்" என்றார். பயிர் காய்கிறவர் அவர். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மார்கழி நெருங்கிக்கொண்டிருந்தது. செடியோ பூத்து நின்றது. விதை சேற்றில் இறங்குவதற்குள் எடுத்தாக வேண்டும் என்று சாரும் சொல்லிவிட்டார். என் கல்யாணம் ஒரு களையின் கையில் சிக்கிக்கொண்டது.

பேண்டை மடித்துக்கொண்டு அப்படியே தண்ணீரில் இறங்கினேன். இறங்கிய வேகத்தில் சேற்றில் வழுக்கி, செடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்தேன். எழுந்தபோது தலையில் ஒரு பூ. கரையில் இருந்து என் மாமியார், "மாப்ள, பாத்து!" என்று கத்தினார். அந்த நிலையிலும் எனக்கு மரியாதை குறையவில்லை பாருங்கள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். தனியாளாக எத்தனை ஜென்மம் எடுத்தாலும் முடியாது என்று தெரிந்தேதான் வந்தேன். ஆனால் கரையில் மூங்கில் கழியும் கயிறுமாக ஆட்கள் நின்றார்கள். வீட்டுக்கு ஓர் ஆள். ஏரி வேலை என்றால் அப்படித்தான் அங்கே வழக்கம், யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. கயிற்றை இரண்டு பக்கமும் பிடித்துச் செடிக் கூட்டத்தைக் கரைக்கு இழுத்தோம். பெண்கள் அதைக் கரையேற்றி, தண்ணீர் படாத மேட்டில் வெயிலில் காயப்போட்டார்கள். அட்டை கடித்து என் கால் ஊத்தப்பம் மாதிரி தடித்துவிட்டது. மாமியார் தினமும் எனக்கு நாஷ்டா கொண்டுவந்தார். எல்லோரையும்விட வேகமாக இழுத்தவர் பெரியப்பா. தணிகாசலம் சாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வேட்டியை மடித்துக்கட்டி இறங்கினார். அந்த மனிதர்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும். தப்பு செய்தவனைத் திட்டிவிட்டு, பிறகு அவனோடேயே தண்ணீரில் இறங்குகிற ஊர் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஒரு நாள் கரையில் செடியைக் கொட்டும்போது கௌரி பக்கத்தில் இருந்தாள். "என்னைக் காட்டிக் கொடுத்துட்டியே" என்றேன்.

"எங்க நைனா உங்களுக்காவ பொய் சொல்லி அத்தோட உட்டிருந்தா, நாளைக்கு அவரு முன்னாடி தல நிமுந்து ஒக்காந்து சோறு துன்ன முடியுமா உங்களால? கட்டிக்கப் போற ஆளு ஆயுசுக்கும் குனிஞ்சுக்கினு இருந்தா எனக்கு இன்னா பெரும?" என்றாள். அன்றைக்குத்தான் அவளை நான் நிஜமாகப் பெண் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

தையில் பந்தக்கால் நட்டார்கள். முதல் மண்ணைப் பெரியப்பாவே போட்டார். அறிக்கையைத் திருத்தி எழுதினேன். கும்மிடிப்பூண்டி மேனேஜர் தம் குளத்தில் நம்மூர் அல்லியை விட்டுக்கொண்டார். அந்தப் பக்கத்து ஏரி தப்பியது.

ஆனால் விழுந்த விதை விழுந்ததுதான். ஒவ்வொரு மழைக்கும் சேற்றிலிருந்து ஒன்றிரண்டு தலைதூக்கும். எனக்குத் தலைதீபாவளி வந்தபோது, பெரியப்பா இலை போட விடவில்லை. "மாப்ள மொதல்ல ஏரிக்குப் போயி அவரு செடிய ஒரு சுத்து பாத்துட்டு வரட்டும்" என்றார். போனேன், பிடுங்கினேன், வந்து சாப்பிட்டேன். அடுத்த வருடம் பக்கத்து வீட்டுக்குத் தலைதீபாவளி வந்த மாப்பிள்ளையையும் அனுப்பினார்கள். அவன் பாவம், ஒன்றும் தெரியாதவன். அதற்கடுத்த வருடம் இன்னொருவன். இன்று அந்த ஊரில் தலைதீபாவளிக்கு வருகிற எந்த மாப்பிள்ளையும் ஏரியைச் சுற்றி வந்து, கண்ணில் பட்டதைப் பிடுங்கிப் போடாமல் விருந்தில் உட்கார முடியாது. டாக்டரானாலும் சரி, அமெரிக்காவில் இருந்து வந்தவனானாலும் சரி. எல்லா வீட்டுக் கதையிலும் நான்தான் கோமாளி. முன்பின் தெரியாத மாப்பிள்ளைகள்கூட சேற்றுக் காலோடு வந்து, "நீங்கதானா சார் அது?" என்று என் கையைக் குலுக்குகிறார்கள்.

சுற்றுவட்டாரத்து ஏரிகள் பலவும் இன்று ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கின்றன. போன வருடம் அதைப் பார்வையிட வந்த ஓர் இளம் அதிகாரி, கௌரியின் ஊர் ஏரிக்கரையில் எங்களோடு நின்று கண்ணைக் கசக்கினார். ஏரி முழுக்கத் தண்ணீர் மட்டும்தான்.

"இந்த ஏரி மட்டும் எப்படிம்மா இவ்வளவு சுத்தமா இருக்கு? என்ன மருந்து அடிச்சீங்க?" என்று கௌரியைக் கேட்டார்.

"மருந்து கிருந்துல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றாள் கௌரி. "எங்க ஊர்ல பொம்பள புள்ளைங்க ஜாஸ்தி."