வலப்பக்கமே உட்காரும் கெர்னல்

“மிளகு மூட்டையோட ஆளுங்க வெயில்ல நிக்கிறாங்க தம்பி. ஒன் பெட்டி இன்னும் தூங்குதா?”

அப்துல் ஸமத் ஹாஜியாருக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. பின்னேரத்துக்குள் பில் அடிக்காவிட்டால் கண்டியிலிருந்து வேறு ஆளைக் கூப்பிடுவதாகக் காலையிலேயே சொல்லியிருந்தார். மாத்தளைக் கடையின் கணினிகளைக் கவனிக்கும் உதயராஜுக்கு இதுதான் கடைசித் தவணை.

“என்மேல தப்பில்ல ஹாஜியார். உள்ள ரேம்னு நினைவகம் ரெண்டு பக்கம் இருக்கு. வலப்பக்கம் பழுது. கெர்னல் அங்க போய் உட்கார்ந்தா எல்லாம் உறைஞ்சிடும்.”

“கெர்னல் யாரு?”

“பெட்டிய நடத்துறவன்.”

“அவன இடப்பக்கம் உட்காரச் சொல்லேன்!”

“லைன்ல பூர்ற திருடன் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு, எழும்புற நேரமெல்லாம் வேற எடத்துல உட்காருவான்.”

“என் கடையில என்னயக் கேக்காமலா? வலப்பக்கத்தக் கழட்டி எறி!”

“கம்பனி முத்திரைய உடைச்சா அவன் புதுசு மாத்தித் தர மாட்டான்.”

உதயராஜ் தன் மடிக்கணினியின் முன் உட்கார்ந்து, லைன் வழியாகப் பெட்டிக்கு, இனி இடம் மாறக் கூடாது என்று கட்டளை அடித்தான். சரி என்றது திரை. எழுந்து போய்ப் பெட்டியின் பொத்தானை அமுக்கினான். கெர்னல் எழும்பியது. புது இடம், அதே வலப்பக்கம். பில் உறைந்தது.

காவல்தான் தடுக்கிறதாக்கும் என்று பாதுகாப்புகளை ஒவ்வொன்றாக நீக்கினான். கடவுச்சொல்லையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றது திரை. மறுபடி பொத்தான். மறுபடி வலப்பக்கம்.

“வாயால சரிங்கிறான், செய்றது வேற. என்ன திமிரு பாருங்க!”

“எனக்கு வாய்ச்ச ஆளுங்க எல்லாமே இப்படித்தான்” என்றார் ஹாஜியார், அவனைப் பார்த்தபடி.

அது சுட்டது. முழுசாக அணைந்து தொலை என்று கட்டளையிட்டான். சரி என்றது திரை. பெட்டியோ பச்சை விளக்கு எரிய, விசிறி சுழல, அசராமல் நின்றது.

“சாகச் சொன்னாலும் சாக மாட்டேங்கிறான் ஹாஜியார்!”

கைப்பேசி அடித்தது. பலாபத்வல கிளைக் கடையில் பில் போடும் மஸீஹா. அவள் போட்ட சத்தம் ஹாஜியாருக்கும் கேட்டது.

“சேர், நேத்து அங்கேயிருந்தே ஒங்க மடிக்கணினியில லைன் போட்டுப் பார்த்தீங்களே எங்க பெட்டி, அதுக்குள்ள அதே லைன் வழியா திருடன் பூந்துட்டான்! காவலெல்லாம் கழட்டிட்டு இப்ப பெட்டியவே அணைச்சுட்டான். தைரியத்தப் பாருங்க சேர், ஒங்க பேரப் போட்டுக்கிட்டே வந்திருக்கான்!”