கலந்துபோன ஏலக்காய்

“ஃபிரிஜ்ஜுக்குள்ள வச்ச பால் எப்படித் திரிஞ்சுச்சு?” என்று கேட்டாள் அய்யம்மாள்.

“லோடு ஜாஸ்தியா இழுத்துச்சு. மத்தியானம் செத்த நேரம் ஆஃப் பண்ணி வச்சேன்,” என்றார் ஒச்சாண்டி.

அய்யம்மாளுக்குச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் மீட்டர் முள்ளையே பார்த்துக் காலம் தள்ளிய மனுஷன். ரிட்டையராகி கம்பத்து வீட்டில் உட்கார்ந்தபின் பார்க்க முள் இல்லை, பெண்டாட்டியைப் பார்க்கிறார். குக்கர் விசிலை எண்ணுகிறார். அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று, “தண்ணி ரொம்ப ஓடுதே,” என்கிறார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பேப்பரை விரித்தால் இரண்டு வரிக்கு மேல் கண் நிற்பதில்லை. டிவி சலித்துவிட்டது. தூக்கமும் இல்லை.

“மனசு எதுலயும் ஒட்ட மாட்டேங்குது அய்யம்மா.”

“எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா இப்படியே போச்சுன்னா நான் சின்னமனூருக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருவேன். பெறகு கூப்பிட வராதீக.”

கத்திச் சொல்லியிருந்தால் ஒச்சாண்டி கண்டுகொண்டிருக்க மாட்டார். அவள் அலுத்துப்போய்ச் சொன்னாள். அதனால் பயந்துபோனார்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு சல்மா ஒரு சின்னச் சாக்குப் பையைக் கொண்டுவந்து அய்யம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். சல்மாவின் வீட்டுக்காரர் முஜிபுர் ரஹ்மானும் பவர் ஹவுஸில் ரிட்டையரானவர்தான். அவர் போடும் சத்தம் முன்பெல்லாம் தெருமுனை வரை கேட்கும். கொஞ்ச நாளாக அந்த வீட்டில் சத்தமே இல்லை.

“ஏலக்காய்க் கடையில தரம் பிரிக்கக் குடுத்திருக்காக. சாயங்காலம் வாங்கிக்கிருவாக,” என்று சொல்லி அய்யம்மாள் பையின் வாயைப் பிரித்தாள். ஒரே வாயில் மூன்று நிறத்து நூல் தையல். பெருங்காய் ஒரு முறத்தில், சிறுகாய் இன்னொரு முறத்தில், வெடித்ததும் வெளுத்ததும் தாம்பாளத்தில். பாதியில் எழுந்துகொண்டாள்.

“தலைய வலிக்குது, செத்த படுக்கேன். இதை மட்டும் தொட்டுராதீக.”

ஒச்சாண்டி தொடவில்லை. புழுக்கமாக இருந்ததால் ஃபேனை மட்டும் கூட்டி வைத்தார். பேப்பர் பறந்தது. பிடிக்கப் போனவர் காலில் முறம் இடறி, பெருங்காயும் சிறுகாயும் ஒன்றாய்ப் போயின.

சரி, சலித்துவிடலாம் என்று மாவு சல்லடையில் எல்லாவற்றையும் கொட்டினார். அவசரத்தில் தாம்பாளத்துக் காயும் சேர்ந்துகொண்டது. ஒன்றும் கீழே இறங்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் சல்லடைக் கண்ணைப் பெரிதாக்கினார். எல்லாமே இறங்கிவிட்டது. மாவு ஒட்டியிருக்கிறதே என்று தண்ணீரில் அலசினார். நனைந்துவிட்டதே என்று துணியில் பரப்பி இஸ்திரிப் பெட்டியை வைத்தார். துணியில் பழுப்பாய் ஒரு முக்கோணம் விழுந்தது.

கருகல் வாடைக்கு எழுந்துவந்த அய்யம்மாள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

“கடைக்கு நான் என்ன பதில் சொல்ல?”

அவ்வளவுதான் கேட்டாள். திரும்பப் போய்ப் படுத்துவிட்டாள். ஒச்சாண்டிக்குச் சின்னமனூர் பஸ் கண்ணில் தெரிந்தது.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு காயாக எடுத்தார். முதலில் இடுப்பு வலித்தது, பிறகு வலி மறந்துபோனது. விரல் தொட்டவுடன் எது பெருங்காய் என்று தெரிய ஆரம்பித்தது. வாசனைதான் குறைவு, பழைய சரக்கு போல என்று நினைத்துக்கொண்டார். மத்தியானம் அய்யம்மாள் எழுந்து வைத்த குக்கர் விசிலடித்தது, அவர் எண்ணவில்லை. பக்கத்தில் அவள் வைத்துவிட்டுப் போன காபி ஆறிப்போனது. கரண்டு போய் ஃபேன் நின்றதுகூட, பவர் ஹவுஸில் வேலை பார்த்த அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை.

கடைசிக் காயைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மூன்று குவியலும் தனித்தனியாகக் கிடந்தன. ரிட்டையரானதிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை.

“பகல் போனதே தெரியல அய்யம்மா. நாளைக்கும் வேல இருக்கான்னு கடையில கேளு.”

நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு அய்யம்மாள் தலையாட்டிவிட்டுக் காபி போடப் போனாள்.

அந்நேரம் எதிர்வீட்டுப் பூமாரி உள்ளே வந்தாள். அவள் புருஷனுக்கும் பவர் ஹவுஸில்தான் வேலை.

“பை ரெடியா அண்ணே?”

“கடைக்கு நீதான் கொண்டு போறியா? பாத்தும்மா, கலந்துராம கொண்டு போ.”

பூமாரி உட்கார்ந்தாள். மூன்று குவியலையும் இரண்டு கையாலும் ஒன்றாகத் தள்ளி, நன்றாகக் கிளறி, பைக்குள் அள்ளிப் போட்டாள்.

“ஏத்தா, என்ன காரியம் பண்ற?” என்று ஒச்சாண்டி பையைப் பிடிக்கப் போனார்.

இடுப்பில் செருகியிருந்த பச்சை நூலை ஊசியில் கோத்தபடி அவள் சொன்னாள்: “அக்கா சொல்லலையாண்ணே? நாளையிலருந்து எங்க வீட்டுக்காரரும் ரிட்டையரு.”